கயிற்றைத் தாண்டும் கைகள்

சென்னை பஸ்ஸில் பரமசிவத்தின் வலது கை வேலையில் இறங்கியிருந்தது. முன் இருக்கைக்காரர் தூங்கிக்கொண்டிருந்தார். அவருடைய தோள்துண்டின் ஒரு முனை இருக்கைக்குப் பின்பக்கம் தொங்கியது. அந்த முனையைக் கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவே வைத்துத் தேய்த்து, திருப்பிப் போட்டுத் தேய்த்து, ஓரத்தில் ஒரு நூலை நகத்தால் கிளப்பிப் பார்த்துவிட்டு, "பாதிக்குப் பாதி பாலியெஸ்டரு," என்று தீர்ப்புச் சொன்னார் பரமசிவம். துண்டுக்காரர் விழித்துக்கொண்டு, துண்டைத் தம் பக்கம் இழுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

இந்த இனம் உங்களுக்குத் தெரிந்ததுதான்; பெயர்தான் யாரும் வைக்கவில்லை. தொட்டுப்பார்ப்பார் என்று வைத்துக்கொள்வோம். கண் என்பது இவர்களுக்கு, கை போகவேண்டிய இடத்துக்கு வழிகாட்டும் உறுப்பு, அவ்வளவுதான். காய்கறிக் கடையில் ஒரு கூடை வெண்டைக்காயையும் நுனி ஒடித்துப் பார்த்துவிட்டுப் பக்கத்துக் கடையில் கத்தரிக்காய் வாங்கிப் போவார்கள். சுவரில் 'பெயிண்ட் ஈரம்' என்று எழுதியிருந்தால் ஈரமா என்று பார்ப்பார்கள். ஈரம்தான். கல்யாண வீட்டில் அட்சதையை இடது கையால் போட்டுவிட்டு வலது கையால் மணப்பெண்ணின் முந்தானை ஜரிகையைத் தேய்ப்பார்கள். பெண்ணைப் பெற்றவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். "பரவாயில்லை" என்று வந்தால்தான் அவளுக்கு அன்று சாப்பாடு இறங்கும். ஆஸ்பத்திரிக்குப் போனால் பழத்தை வைத்துவிட்டு நேரே குளுக்கோஸ் பையை அமுக்கிப் பார்ப்பார்கள், கட்டிலை ஏற்றி இறக்குவார்கள், "நெத்தி கொஞ்சம் சூடாத்தான் இருக்குது" என்பார்கள். கை வைத்திருப்பது பக்கத்துக் கட்டில்காரரின் நெற்றியில்.

காஞ்சிபுரத்தில் இந்த இனம் கொஞ்சம் கூடுதலாகவே விளைகிறது. கோயிலில் தங்கப் பல்லியையும் வெள்ளிப் பல்லியையும் தொட்டுக் கும்பிட வரிசையில் நிற்கிற ஊரில், கையை வைத்துக்கொண்டு சும்மா இரு என்று யார் யாரிடம் சொல்வது? அதிலும் பரமசிவம் பட்டுக் கூட்டுறவுச் சங்கம் ஒன்றில் சேலை சரிபார்க்கும் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். பிள்ளையார்பாளையத்துத் தறிகளிலிருந்து வந்த சேலை எதுவானாலும் அவர் கட்டைவிரலைத் தாண்டித்தான் அலமாரிக்குப் போனது. வேலை முடிந்துவிட்டது. அந்தச் செய்தி கட்டைவிரலுக்கு இன்னும் போய்ச் சேரவில்லை.

இத்தனையையும் பக்கத்து இருக்கையிலிருந்து கவனித்துக்கொண்டிருந்தவள் அவர் மனைவி வடிவாம்பாள். செவிலியர் உதவியாளராகப் பயிற்சி எடுத்து, ஆயுளில் பாதியை ஆஸ்பத்திரி வார்டிலும் மீதியைப் படுத்த படுக்கையாகக் கிடந்தவர்கள் வீட்டிலும் கழித்தவள். கணவரின் கையை அவள் குணம் என்று நினைப்பதில்லை, வியாதி என்றுதான் நினைக்கிறாள். வியாதி என்றால் கோபப்பட முடியாது, பராமரிக்கத்தான் முடியும்.

அன்றைக்குப் பராமரிப்பு அவசியமாக இருந்தது. மகள் சுகாசினி சென்னையில் ஒரு தனியார் அறக்கட்டளை நடத்தும் துணி அருங்காட்சியகத்தில் வேலை செய்கிறாள். தற்காலிக வேலை. நிரந்தரமாக்குவதா, போய் வா என்று அனுப்புவதா என்பது அந்த வாரம் முடிவாக வேண்டும். இந்த நேரம் பார்த்து அப்பாவுக்கு அந்த இடத்தைப் பார்க்க ஆசை வந்துவிட்டது.

"கூட்டிக்கினு வாம்மா, வேணாம்னு சொல்லல," என்று சுகாசினி போனில் சொல்லியிருந்தாள். "ஆனா அப்பா கை எது மேலயும் படக்கூடாது. நான் உங்க பொண்ணுன்னு அங்க யாருக்கும் தெரியவும் கூடாது."

"ஏன், நாங்க இன்னா திருடவா வர்றோம்?"

"திருடினாக்கூட எங்க மேடம் போலீஸ்ல சொல்லிட்டு விட்டுடுவாங்க. தொட்டா அவங்களுக்கு ஆவாது."

வடிவாம்பாள் இரண்டு ஏற்பாடு செய்தாள். முதலாவது, மகளின் இடத்துக்குப் போகும் முன் வேறு இரண்டு அருங்காட்சியகங்களுக்கு அவரை அழைத்துப் போவது; அரிப்பு அங்கேயே தீர்ந்துவிடும். இரண்டாவது, வார்டில் கற்றது. மூக்குக் குழாயைப் பிடுங்கும் நோயாளியைக் கட்டிப்போடக் கூடாது. கையில் ஒரு துண்டைச் சுருட்டிக் கொடுத்துவிட வேண்டும். பிடிக்க ஒன்று இருந்தால் கை பிடுங்கப் போகாது. ஆகவே பஸ்ஸை விட்டு இறங்கியதும் அவருடைய இடது கையில் சாப்பாட்டுக் கூடையும் வலது கையில் குடையும் ஏறின.

"வெயிலும் இல்ல, மழையும் இல்ல. குடை எதுக்கு?"

"சும்மா பிடிச்சிக்கினு வாங்க."

முதலில் பழைய ரேடியோக்களின் அருங்காட்சியகம். மாடி முழுக்க மரப்பெட்டி ரேடியோக்கள். ஒரே ஒரு நிமிஷம், கூடையைத் தரையில் வைத்து வேட்டியைச் சரிசெய்துகொள்கிறேன் என்றார். வேட்டி சரியாவதற்குள் ஒரு ரேடியோவின் திருகு அவர் உள்ளங்கையில் இருந்தது. "முன்னாடியே லூசா இருந்திச்சி வடிவு." எந்தத் தொட்டுப்பார்ப்பாராவது இதைத் தவிர வேறு சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? உலகத்தில் உள்ள எல்லாத் திருகுகளும் இவர்கள் வருவதற்கு முன்னாடியே லூசாகத்தான் இருக்கின்றன.

அடுத்தது பூட்டு அருங்காட்சியகம். யேசுதாஸ் என்ற பெரியவர் தம் வீட்டு மாடியிலேயே நடத்துவது. நடு மேஜையில் பலாப்பழம் அளவுக்கு ஒரு பித்தளைப் பூட்டு வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருந்தது. அதன் சாவி யேசுதாஸின் தாத்தா காலத்திலேயே தொலைந்துவிட்டதால் மூன்று தலைமுறையாக அதைத் திறந்தபடியே காப்பாற்றி வந்திருக்கிறார்கள். யேசுதாஸ் இதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே பரமசிவம் குடையைக் கூடைக் கைக்கு மாற்றிவிட்டு, காலியான கையால் பூட்டின் தலையை ஓர் அமுக்கு அமுக்கினார்.

டக்.

"நல்லா வேலை செய்யுது சார்," என்றார்.

யேசுதாஸ் கத்தவில்லை. நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். வடிவாம்பாள் வழக்கம்போல அவர் நாடியைப் பிடித்துப் பார்த்து, தண்ணீர் கொடுத்து, மன்னிப்பும் கேட்டுவிட்டுக் கணவரைக் கீழே இறக்கினாள்.

துணி அருங்காட்சியகத்தின் வாசலில் அவள் ஏற்பாட்டுக்கே வேட்டு வைத்தார்கள். காவலாளி ஜான்சன் கையை நீட்டி, "பை, குடை எல்லாம் இங்க வெச்சிட்டுப் போங்க சார்," என்றார்.

"அவரு வெச்சுக்கினே வரட்டும்பா," என்றாள் வடிவாம்பாள்.

"உள்ள விடமாட்டாங்கம்மா. பொருள் மேல இடிச்சிடுதுல்ல."

"குடை இடிக்காதுபா. நீ விடு."

ஜான்சன் விடவில்லை. விடுதலையான இரண்டு கைகளையும் வடிவாம்பாள் பார்த்தாள். பிறகு ஒன்றை எட்டிப் பிடித்துக்கொண்டாள். கல்யாணத்தன்றுகூட அப்படி இறுக்கிப் பிடித்ததில்லை. எதிரில் வந்தவர்கள் சிரித்துக்கொண்டே வழிவிட்டார்கள். இந்த வயதில் என்ன அன்னியோன்னியம் என்று நினைத்திருப்பார்கள். சுகாசினி ஒரு கூட்டத்துக்குச் சுங்கடிச் சேலை பற்றி விளக்கிக்கொண்டே, சுவரைப் பார்ப்பதுபோல அப்பாவையும் அம்மாவையும் பார்த்துவிட்டுக் கடந்துபோனாள்.

கடைசி அறை வரைக்கும் எல்லாம் சரியாகவே நடந்தது.

அந்த அறையில் கண்ணாடிப் பெட்டி இல்லை. தாழ்வான மேஜையில் அரக்குச் சிவப்பில் ஒரு பழைய பட்டுச் சேலை மடித்து வைக்கப்பட்டிருந்தது. சுற்றி இடுப்பளவில் கயிறு. பக்கத்தில் பெரிய எழுத்தில் ஒரு பலகை. தொட்டுப்பார்ப்பார் பலகை படிப்பதில்லை. பரமசிவம் பலகையின் ஓரத்தைத் தடவி, மரம் நல்ல மரம்தான் என்று தெரிந்துகொண்டு, சேலையைப் பார்த்தார். அவர் முகம் மாறியது.

"அநியாயம் வடிவு."

"இன்னா?"

"போட்ட மடிப்புலயே கெடக்குது. எத்தினி வருஷமோ. மடிப்போரம் ஜரிகை ஒடிஞ்சி, பட்டு நெடுக்கக் கிழிஞ்சிக்கினு வருது பாரு. இவங்க வீட்லல்லாம் பொம்பளைங்களே கிடையாதா?"

காஞ்சிபுரத்தில் பட்டுச் சேலையை அவ்வப்போது வெளியே எடுத்து, மடிப்பு மாற்றி மடித்து வைக்காத வீட்டைப் பற்றி அக்கம்பக்கத்தில் நல்லபடியாகப் பேசமாட்டார்கள். பல் விளக்குவது மாதிரி அது. வடிவாம்பாளுக்கே கொஞ்சம் திக்கென்றது. கிழிசலைச் சரியாகப் பார்க்கலாம் என்று மூக்குக்கண்ணாடியை எடுத்து முந்தானையில் துடைத்தாள். துடைக்க இரண்டு கை வேண்டும்.

கண்ணாடியைப் போட்டுக்கொண்டபோது கணவர் கயிற்றுக்கு அந்தப் பக்கம் நின்றார். சேலை மேஜையை விட்டு எழுந்திருந்தது. திட்டுவதற்கு அவள் வாயைத் திறந்தாள். அதற்குள் அவர், "அந்த முனையைப் பிடி," என்றார்.

இங்கேதான் வாசகர்கள் கவனிக்க வேண்டும். வார்டில் யாராவது விரிப்பின் ஒரு முனையை நீட்டினால் மறுமுனையைப் பிடிப்பது வடிவாம்பாள் யோசித்துச் செய்த காரியம் அல்ல. தும்மல் மாதிரி வருவது. கயிற்றுக்கு அடியில் குனிந்ததுகூட அவளுக்கு நினைவில்லை. முனை கைக்கு வந்தது. இருவரும் எட்டி நின்று மெல்ல உதறினார்கள், நெருங்கி வந்து முனையோடு முனை சேர்த்தார்கள், பின்வாங்கினார்கள், மறுபடி நெருங்கினார்கள். பழைய மடிப்பு ஒன்றின் மேல்கூடப் புது மடிப்பு விழவில்லை. கிழிசல் அத்தனையும் உள்ளே போய், கடையில் அப்போதுதான் எடுத்த சேலை மாதிரி மேஜையில் உட்கார்ந்தது. அழகாகத்தான் இருந்தது. வடிவாம்பாள் ஓரத்தை ஒரு தட்டுத் தட்டிச் சமன் செய்துகொண்டிருந்தபோது கதவு திறந்தது.

வந்தவர் அருங்காட்சியகத் தலைவி நிரஞ்சனா. பின்னால் சுகாசினி.

"என்ன பண்றீங்க?"

"மடிப்பு மாத்தி வெச்சிருக்கோம்மா," என்றார் பரமசிவம், நன்றியை எதிர்பார்த்து. "இனிமே கிழியாது."

நிரஞ்சனா பலகையைக் காட்டினார். "அதைக் கொஞ்சம் படிங்க."

பரமசிவம் படித்தார். 'மடிப்பு மாற்றாமல் வைத்த பட்டு எப்படிக் கிழிகிறது என்பதை இங்கே காணலாம்.' ஊர் ஊராக அலைந்து அப்படிக் கிழிந்த சேலை ஒன்றைத் தேடிப் பிடித்து வந்திருந்தார்கள். கிழிசல்தான் காட்சிப்பொருள். அதைத்தான் புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்து ஒளித்து வைத்துவிட்டார்கள்.

"சுகாசினி, இவங்க யாருன்னு தெரியுமா?"

சுகாசினி வாயைத் திறக்கும் முன் பரமசிவம் முந்திக்கொண்டார். "இந்தப் பொண்ண நாங்க பார்த்ததே இல்லைம்மா. எந்த ஊரோ இன்னாவோ." சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவர் கை தன்பாட்டுக்கு மகளின் துப்பட்டா ஓரத்தை எடுத்துத் தேய்த்தது. "இந்தத் துணிய ஏன் போட்டுக்கினு இருக்க? வேர்க்குது பாரு."

சுகாசினி துப்பட்டாவை விடுவித்துக்கொண்டாள்.

"மேடம், எங்க அப்பா அம்மா."

"அப்பா கை சும்மா இருக்காதுன்னு இப்பப் பார்த்தேன். அம்மாவுமா?" என்றார் நிரஞ்சனா.

வடிவாம்பாளுக்கு அந்தக் கேள்வி ஊசி மாதிரி இறங்கியது.

"நாளைக்குக் காலையில அறங்காவலருங்க வர்றாங்க. உன் வேலை விஷயமும் நாளைக்குத்தான்," என்றார் நிரஞ்சனா மகளிடம். "எங்ககிட்ட இருக்கற போட்டோவில மேல்மடிப்புதான் தெரியும். உள்ள எப்படி இருந்துதுன்னு பிரிச்சவங்களுக்குத்தான் தெரியும். அவங்க வருமுன்ன இது பழையபடி இருந்தா உன்னைப் பத்திப் பேசுவேன். இல்லைன்னா நான் பேச ஒண்ணும் இருக்காது."

திரும்பும் பஸ்ஸில் பரமசிவத்தின் கைகள் மடியை விட்டு எழவில்லை. வாலாஜாபாத் தாண்டிய பிறகு, "தப்பா மடிக்கச் சொல்றாங்களே வடிவு," என்றார். "சங்கத்துல அந்த மாதிரி மடிச்சவனை நான் நிக்க வெச்சுக் கேள்வி கேட்டிருக்கேன்."

"பொண்ணு வேலை வேணுமா, உங்க மடிப்பு வேணுமா?"

"நீயுந்தான பிடிச்ச?"

அவள் சாப்பாட்டுக் கூடையைத் தன் மடியில் எடுத்து வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

மறுநாள் காலை, முதல் பஸ்ஸில் வந்து, ஜான்சன் கதவைத் திறக்கும்போதே இருவரும் நின்றார்கள். நிரஞ்சனா வெள்ளைக் கையுறைகளைக் கொடுத்தார். கையுறைக்குள் பரமசிவத்தின் கட்டைவிரல் குருடாகிப் போனது. அவர் கண்ணை மூடிக்கொண்டு, நேற்றுப் பிரித்தபோது விரல் எங்கெங்கே தடுக்கியது என்று யோசித்து யோசித்து, ஒவ்வொரு மடிப்பாகப் பழைய தப்பின் மேலேயே திரும்ப மடித்தார். மறுமுனையை வடிவாம்பாள் பிடித்தாள். இந்தத் தடவை தெரிந்தே பிடித்தாள். ஓரிடத்தில் அவர் கை தானாகச் சரியான பக்கம் திரும்பியது. "உம்," என்றாள். கை திரும்பி வந்தது. கிழிசல்கள் ஒவ்வொன்றாக வெளியே வந்து வரிசையாகப் படுத்தன. நிரஞ்சனா போட்டோவோடு ஒப்பிட்டுப் பார்த்துத் தலையசைத்தார்.

அறங்காவலர்கள் வந்தார்கள். முன்னால் வந்தவர் நல்ல உயரம், தங்கக் கைக்கடிகாரம். கயிற்றின் மேல் குனிந்து பலகையை ஓர் எழுத்து விடாமல் படித்தார். "அடடா, எப்படிப் போயிருக்கு பாருங்க," என்றார். கடிகாரம் கட்டிய கை கயிற்றைத் தாண்டி, இரண்டு விரல் சேர்ந்தபடி, கிழிசலை நோக்கி நீண்டது.

நிரஞ்சனா சுகாசினியைப் பார்த்தார். வேலை கொடுக்கப் போகிறவரின் கை. வாசற்படியில் பார்வையாளர்கள் மாதிரி நின்ற அப்பாவும் அம்மாவும் அந்தக் கையையே பார்த்தார்கள்.

"சார், கை," என்றாள் சுகாசினி.

சத்தமாகச் சொல்லவில்லை. பிறந்ததிலிருந்து வீட்டில் சொல்லிச் சொல்லிப் பழகின குரல் அது. கை அப்படியே நின்று, கயிற்றுக்கு இந்தப் பக்கம் வந்து, முதுகுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டது. "மன்னிக்கணும்மா," என்றார் அறங்காவலர். பிறகு நிரஞ்சனாவிடம் திரும்பி, "இந்தப் பொண்ணுதானா? நிரந்தரம்னு எழுதிக் கொடுத்துடுங்க," என்றார்.

நீங்கள் இதையெல்லாம் படித்துவிட்டு, நான் அந்த இனம் இல்லை என்றுதான் சொல்வீர்கள். முந்தின நாள் காலை பஸ்ஸில் உட்கார்ந்து வடிவாம்பாளும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தாள். யாரும் இன்னும் உங்கள் பக்கம் ஒரு முனையை நீட்டவில்லை, அவ்வளவுதான்.