துணிக்கு மட்டும் ஊசி

"ஊசி போட்டாச்சா மாஸ்டர்?"

சுகாதார நிலையத்து அம்மா கடை வாசலில் நின்று கேட்டபோது, தையல் மாஸ்டரின் உதடுகளுக்கு நடுவே குண்டூசிகள் இருந்தன. அவற்றை ஒவ்வொன்றாக எடுத்து வைத்துவிட்டுத்தான் பதில் சொன்னார்.

"காலையிலேர்ந்து போட்டுக்கிட்டுதான் இருக்கேன்."

"கிண்டல் வேணாம். தெருவுல கக்குவான் இருமல் பரவுது. பெரியவங்களும் போட்டே ஆகணும்."

அந்த 'ஆகணும்'தான் வினையாகப் போயிற்று. 'போட்டுக்கிறீங்களா' என்று கேட்டிருந்தால் மாஸ்டர் ஒருவேளை சட்டைக் கையை மடித்திருப்பார். அவர் மனைவி கடைசியாகப் படுத்திருந்த ஆஸ்பத்திரியில் இப்படித்தான் பேசினார்கள். வெளியே நிக்கணும். கையெழுத்துப் போடணும். என்ன வியாதி என்று கடைசிவரை யாரும் அவரை உட்கார வைத்துச் சொல்லவில்லை. அன்றிலிருந்து 'ணும்' என்று முடிகிற எந்தப் பேச்சும் அவருக்கு ஆகாது.

"என் உடம்பு. எங்க ஓட்டை போடறதுன்னு நான் முடிவு பண்ணிக்கிறேன். நீங்க கிளம்புங்க."

அந்த அம்மா போனதும் ஒரு அட்டையை வெட்டி, எழுதி, வாசலில் தொங்கவிட்டார்: 'இங்கே ஊசி துணிக்கு மட்டும்.'

தொல்லை விட்டது என்றுதான் நினைத்தார். மறுநாள் காலையில் தெருவே வந்து படித்தது. எதிர்க்கடை மளிகைக்காரர் கைதட்டினார். பொடிக்காரர் ஓடி வந்து கையைப் பிடித்துக்கொண்டார்.

"உங்களை மாதிரி ஒரு ஆளைத்தான் தேடிக்கிட்டிருந்தேன் மாஸ்டர்!"

எதிர்ப்புச் சக்திக்கு என்று பச்சைப் பொடி விற்பவர் அவர். பொட்டலங்களைக் கடை மேஜையிலேயே அடுக்கிவிட்டார். பொடி சாக்குக்கட்டியை அரைத்தது போலத்தான் இருந்தது. ஆனால் மனிதர் எதிரில் உட்கார்ந்து, "ராத்திரி தூக்கம் வருதா?" என்று கேட்டார். மனைவி போன பிறகு அப்படி யாரும் கேட்டதில்லை. அதற்காகவே மாஸ்டர் செங்கல்லைத் தூளாக்கிக் கொடுத்தாலும் குடித்திருப்பார்.

கடையில் காஜா எடுத்துப் பட்டன் தைக்கும் ஆளுக்கு 'பட்டன்' என்றே பெயர். அவர் சொன்னார்: "இனி தெருவுக்கு நீங்கதான் தலைவர் மாஸ்டர். நீங்க போடாம ஒருத்தனும் போட மாட்டான்."

மாஸ்டரின் மார்பளவு அன்று ஒரு அங்குலம் கூடியது.

அந்த வாரமே மகளுக்குக் குழந்தை பிறந்தது. குறைமாதம்.

"அப்பா, பேத்தியைப் பார்க்க வர்றதுக்கு முன்னாடி கக்குவான் ஊசி போட்டுட்டு வாங்க" என்றாள் மகள் போனில்.

"நான் பொடி சாப்பிடறேன்மா."

"அப்போ கொஞ்சம் அனுப்புங்க, தொட்டில்ல தூவி வைக்கிறேன்."

"யார் யாரோ சொல்றதுக்கெல்லாம் நான் தலையாட்ட மாட்டேன்."

"யாரோ இல்லப்பா, நான் சொல்றேன். போடாம வந்தா வாசலோட போயிடுங்க. உங்க பிடிவாதம் ஊசிப்போச்சு, நாத்தம் இங்க வரைக்கும் வருது."

மேஜை மேல் பேத்திக்கென்று அவர் தைத்த குட்டிச் சட்டை கிடந்தது. மனைவிக்கென்று வாங்கித் தைக்காமலே போன மஞ்சள் துணி. கைப்பகுதி அவர் கட்டைவிரலுக்குச் சரியாக இருந்தது.

"போட்டாச்சும்மா" என்றார் மாஸ்டர்.

"எந்தக் கையில?"

"இடது."

"வீடியோவுல காட்டுங்க."

பஞ்சை வைத்து பிளாஸ்திரி ஒட்டிக் காட்டினார். மகள் நம்பிவிட்டாள். பட்டன் பார்த்துவிட்டார்.

"மாஸ்டர், தோள்ல என்ன?"

"கத்தரி கீறிடுச்சு."

"சட்டைக்குள்ள கத்தரி எப்படிப் போச்சு?"

"போச்சு. நீ காஜாவைப் பாரு."

பட்டன் சொல்லிக் கீறலைக் கேள்விப்பட்ட பொடிக்காரர் சாயங்காலமே பச்சை விழுதோடு வந்து, வேண்டாம் வேண்டாம் என்றும் கேளாமல் தோள் முழுக்கப் பூசினார். பொழுது விடிவதற்குள் தோள் பன் ரொட்டி மாதிரி வீங்கிவிட்டது.

"பார்த்தீங்களா, விஷம் வெளியேறுது!" என்றார் பொடிக்காரர்.

"பார்த்தீங்களா, ஊசி நல்லா வேலை செய்யுது!" என்றாள் மகள் வீடியோவில். "இன்னைக்கே வந்துடுங்கப்பா."

இரண்டு கட்சிக்கும் சந்தோஷம். சொறிந்துகொண்டது மாஸ்டர் மட்டும்தான்.

மஞ்சள் சட்டையோடு மகள் வீட்டு வாசலில் நின்றார். உள்ளே தொட்டில். தொட்டிலுக்குள் ஒரு பிடி உயிர். மகள் குழந்தையை அள்ளி நீட்டினாள். "இந்தாங்கப்பா, தூக்கிக்கோங்க."

மாஸ்டர் கை நீட்டினார். குழந்தை தும்மியது. கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

"இஸ்திரிப் பெட்டியை அணைக்காம வந்துட்டேன்!"

"அப்பா, பேத்தியைத் தொடக்கூட இல்லையே!"

அதற்குள் அவர் தெருமுனையில் இருந்தார்.

மறுநாள், வாடிக்கையாளர் ஒருவர் மறந்து விட்டுப்போன ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு, ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருந்த சுகாதார நிலையத்துக்குப் பஸ் ஏறினார். அங்கே அவரைத் தெரிந்தவர் யாரும் கிடையாது.

"வண்டி எங்கண்ணே?" என்றார் பக்கத்து இருக்கைக்காரர்.

"பின்னாடி வருது."

யார் சொல்லியும் போகவில்லை, நானாக முடிவு பண்ணித்தான் போகிறேன் என்று ஹெல்மெட்டுக்குள் தனக்குத்தானே உரக்கச் சொல்லிக்கொண்டார். அது எதிரொலித்தது.

நிலையத்து வாசலில் காவலாளி நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"ஹெல்மெட்டா? அந்த வரிசை பின்பக்கம்."

பின்பக்கம் போனார். சுவரோரமாக வரிசையாக ஹெல்மெட்டுகள். ஒரு வண்டியையும் காணோம். முகம் தெரியாவிட்டால் என்ன, முதுகு தெரியாதா? எல்லாம் அவர் வெட்டிய சட்டைகள். அந்தச் சரிந்த தோள் மளிகைக்காரருடையது. ஊருக்கெல்லாம் பட்டன் தைத்துவிட்டுத் தன் சட்டைக் கையில் பட்டன் இல்லாமல் நிற்பவர் வேறு யார்? வரிசையின் முதலில் நின்ற சட்டையைப் பார்த்ததும் மாஸ்டர் ஹெல்மெட் கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். பொட்டலம் வைக்க இடுப்போரம் ஆழமாகப் பை கேட்டுத் தைத்துக்கொண்ட சட்டை. பையோரம் பச்சைக் கறை.

'துரோகிகளா!' என்று கத்த வாயெடுத்தார். கத்தினால் ஹெல்மெட்டைக் கழற்ற வேண்டியிருக்கும். தலையைக் குனிந்து, பின்னால் நின்றுகொண்டார்.

அவர் முறை வந்தது. நர்ஸ் சின்னப் பெண். முன்னால் ஒரு நாற்காலியைத் தள்ளினாள்.

"உட்காருங்கண்ணே. லேசா வலிக்கும், ஒரு நாள் கை கனமா இருக்கும். போடலாமா?"

'போடலாமா.' மாஸ்டர் வலது சட்டைக் கையை மடித்தார்.

"ஒண்ணும் பயம் இல்ல" என்றார் முறைப்பாக. "ஆனா யார்கிட்டயும் சொல்லிடாதீங்க."

நர்ஸ் சிரித்துவிட்டாள்.

"உள்ள வர்ற ஒவ்வொரு ஹெல்மெட்டும் இதையேதான் சொல்லுது. நீங்களும் அந்தத் தையல் மாஸ்டருக்குப் பயந்துதானா?"