முட்டிக்கு இரங்கிய அலுவலகம்

எமன் எப்போது வருவான் என்று தெரியாமல் மனித குலம் பல்லாயிரம் ஆண்டுகள் தலையைச் சொறிந்துகொண்டிருந்தது. அந்த அவமானத்தை ஒரே வீச்சில் துடைத்தெறிந்த பெருமை, முதியோர் ஆயுள் முன்னறிவிப்பு அலுவலகத்தையே சேரும். ஜோசியர் கையைப் பார்த்துச் சொல்வார். வைத்தியர் நாடியைப் பார்த்துச் சொல்வார். இவர்கள் கையையும் பார்ப்பதில்லை, முகத்தையும் பார்ப்பதில்லை. இருபத்தாறு கேள்வி கேட்பார்கள், கம்ப்யூட்டரில் தட்டுவார்கள், மிச்சம் எத்தனை வருடம் என்று அது சொல்லிவிடும். அறிவியல் என்றால் அப்படித்தான். ஆளைப் பார்த்தால் இரக்கம் வந்து கணக்கு கெட்டுவிடும்.

இப்பேர்ப்பட்ட அலுவலகத்துக்குக் கண்டக்டர் போனது ஒரு முட்டிக்காக.

கண்டக்டர் என்றால் ஓய்வுபெற்ற கண்டக்டர். ஓடுகிற பஸ்ஸில் முப்பத்தோரு வருடம் நின்றுகொண்டே வேலை பார்த்ததில், அவருடைய வலது முட்டி அவருக்கு முன்பே ஓய்வு பெற்றுவிட்டது. வீடோ இரண்டாம் மாடி. ஓய்வுக்குப் பிறகு அவர் பார்த்துவந்த ஒரே உத்தியோகம், சாயங்காலம் கீழே இறங்கித் தெருமுனை பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்து இந்தக் காலத்துக் கண்டக்டர்களைத் திட்டுவது. சட்டைப் பையில் பழைய விசில் கயிற்றோடு கிடக்கும். ஒரு விசில் அடித்தால் வண்டி நிற்க வேண்டும், இரண்டு அடித்தால் கிளம்ப வேண்டும். இதுகூடத் தெரியாத பிள்ளைகளிடம் விசிலைக் கொடுத்துவிட்டார்களே என்பது அவருடைய நிரந்தரக் கவலை. முட்டி மடங்க மறுத்த நாளிலிருந்து அந்த உத்தியோகமும் போயிற்று. வீட்டு பீரோவும் அவரும் ஒன்று என்றாகிவிட்டது. பீரோவாவது திட்டாமல் இருக்கும்.

இலவசமாக முட்டி மாற்றித் தரும் திட்டம் ஒன்று இருந்தது. நிபந்தனை ஒன்றே ஒன்றுதான். இன்னும் பத்து வருடமாவது ஆயுள் மிச்சம் இருக்கிறது என்று அலுவலகம் சொல்ல வேண்டும். கண்டக்டரோடு ஒரே பஸ்ஸை ஓட்டிய டிரைவர், அதே வயது, அதே மாதிரி முட்டி, போன மாதம்தான் அங்கே போய்ப் பதினான்கு வருடம் வாங்கி வந்திருந்தார்.

"எப்படிப்பா?" என்று கேட்டார் கண்டக்டர்.

"ரெண்டு ரூம் இருக்கும். முதல் ரூம்ல டாக்டரு. அவர்கிட்ட நடக்கவே முடியலைன்னு சொல்லணும். அப்பத்தான் முட்டி கெட்டுப்போச்சுன்னு எழுதுவாரு. ரெண்டாவது ரூம்ல கேள்வி கேக்குற பொண்ணு. அதுகிட்ட நல்லா நடப்பேன்னு சொல்லணும். அப்பத்தான் ஆயுசு கூடும்."

"அது பொய் இல்லையா?"

"ரெண்டுல ஒண்ணு உண்மைதானே? போதாதா?"

'வண்டி இதோ கிளம்பிடும்' என்று முப்பது வருடம் சொன்ன வாய். டிரைவருக்கு இதெல்லாம் ஒரு பொருட்டா?

கண்டக்டரின் மனைவி டைப்ரைட்டிங் டீச்சராக இருந்தவர். எதையும் விரல் தேயும்வரை பழக்காமல் விடமாட்டார். ஒரு வாரம் பயிற்சி நடந்தது.

"முதல் ரூம்?"

"முடியாது."

"ரெண்டாவது ரூம்?"

"முடியும்."

"முடியும்னு சொல்றப்போ மூஞ்சியை ஏன் அப்படி வச்சுக்கறீங்க? மறுபடியும்."

அலுவலகம் மூன்றாம் மாடியில் இருந்தது. லிஃப்ட் ஓடவில்லை. அதற்கும் ஆயுள் கணித்திருந்தார்கள். இரண்டே வருடம் என்று வந்ததால், பழுது பார்ப்பது வீண் என்று விட்டுவிட்டார்கள். அன்று நின்ற லிஃப்ட் இன்றுவரை அசையவில்லை. கணிப்பு எவ்வளவு துல்லியம் பாருங்கள்! மேலே ஏறி வர முடியாத முதியவர்களை 'ஆயுளில் அக்கறை இல்லாதவர்கள்' என்ற தலைப்பில் தனியாக வைத்திருந்தார்கள். கண்டக்டருக்கு அக்கறை இருந்தது. மாடிக்கு ஒரு முறை உட்கார்ந்து, கைப்பிடியைப் பிடித்துத் தொங்கி, வேர்த்து விறுவிறுத்து மனைவியோடு வந்து சேர்ந்தார்.

முதல் அறை சுலபமாக முடிந்தது. "முடியாது" என்பதை அவர் உருக்கமாகச் சொன்னதில் டாக்டரே எழுந்து நாற்காலி போட்டார். இரண்டாவது அறையில் கேள்வி அலுவலர் கம்ப்யூட்டரைப் பார்த்தபடி ஆரம்பித்தாள்.

"உங்க உடல்நிலை எப்படி இருக்கு? மிக நன்று, நன்று, சுமார், மோசம்."

"நின்னுக்கிட்டுப் போற அளவுக்கு இடம் இருக்கும்மா."

"அந்த விடை இதுல இல்லை சார்."

"நன்றுன்னு போடும்மா" என்றார் டீச்சரம்மா.

"கனமான நாற்காலியைத் தள்ள முடியுமா?"

"அதுல யாரு உக்காந்திருக்காங்க?"

"யாரும் இல்லை சார்."

"அப்போ எதுக்குத் தள்ளணும்?"

'முடியும்' என்று தட்டப்பட்டது. இப்படியே வண்டி நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்தது.

"அரை கிலோமீட்டர் தூரம் சிரமம் இல்லாம நடக்க முடியுமா?"

டீச்சரம்மா மூச்சைப் பிடித்துக்கொண்டார். "முடியும்" என்றார் கண்டக்டர். அத்தோடு வாயை மூடியிருந்தால் இந்தக் கதையே இல்லை. ஆனால் தூரம் என்ற பேச்சு வந்தால் அவரால் சும்மா இருக்க முடியாது. நிறுத்தத்துக்குப் பத்தடி தள்ளி இறக்கிவிட்டாலே சண்டைக்கு வரும் பயணிகளோடு காலம் தள்ளியவர்.

"அரை கிலோமீட்டர்னா எங்க வீட்டுல இருந்து ஆஸ்பத்திரி ஸ்டாப் வரைக்கும்மா. தெருமுனை ஸ்டாப்னா அதுல பாதிதான் வரும். அதுக்கே நடுவுல ரெண்டு இடத்துல உக்காந்துதான் போகணும். தூரத்தைச் சரியா எழுதிக்கோ, பின்னாடி தகராறு வரக்கூடாது."

டீச்சரம்மா மேஜைக்கு அடியில் அவர் காலை மிதித்தார். அவசரத்தில் வலது கால். கண்டக்டர் போட்ட அலறலில் அடுத்த அறை டாக்டர் எட்டிப் பார்த்தார். 'வலி உணர்வு: நன்று' என்று குறித்துக்கொண்டு, அந்தப் பெண் கடைசிப் பொத்தானைத் தட்டினாள். திரையில் எண் வந்தது. நான்கு.

டீச்சரம்மா விடவில்லை. நேராக இயக்குநரின் அறைக்குப் போனார். கண்டக்டர் சுவரைப் பிடித்துக்கொண்டு பின்னால் போனார். இயக்குநர் தங்கமான மனிதர். எழுந்து நின்று, இருவரையும் உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்துவிட்டுத்தான் மறுத்தார்.

"அம்மா, ஒரு முட்டி பதினஞ்சு வருஷம் உழைக்கும். சாருக்கு நாலு வருஷம்தான். மீதி பதினொரு வருஷம் அந்த முட்டி என்ன பண்ணும்? அதையும் கொஞ்சம் நினைச்சுப் பாருங்க."

"அப்போ நாலு வருஷம் உழைக்கிற முட்டியாக் குடுங்க."

"மட்டமான பொருளை நாங்க மக்களுக்குத் தர்றதில்லைம்மா."

"இவரால நடக்க முடிஞ்சா எத்தனை வருஷம்னு வரும்?"

இயக்குநர் தட்டிப் பார்த்தார். "பதினாலு."

"அப்போ முட்டியை மாத்துங்க. நடப்பாரு. பதினாலு வரும்."

"நடந்து காட்டட்டும்மா. பதினாலு வரும். உடனே முட்டியை மாத்திடறோம்."

"கல்யாணம் ஆனாத்தான் பைத்தியம் தெளியும், பைத்தியம் தெளிஞ்சாத்தான் கல்யாணம் ஆகும்ங்கிற கதையாவுல்ல இருக்கு!"

"கல்யாணம் பத்தி ஏற்கெனவே ஒரு கேள்வி இருக்கும்மா. கல்யாணம் ஆனவங்களுக்கு ரெண்டு வருஷம் கூடும். அதையும் சேர்த்துத்தான் நாலு."

தன்னுடைய பங்கு இரண்டு வருடம் என்று தெரிந்ததும் டீச்சரம்மா கணவரை ஒரு பார்வை பார்த்தார். கண்டக்டர் குனிந்துகொண்டார். படி இறங்கும்போது அவருக்கு அழுகை வந்தது. முட்டி வலி என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அதன் பிறகு அவர் தெருவுக்கு இறங்கவேயில்லை. ஜன்னலோரத்தில் நாற்காலி போட்டு, தெருமுனையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். பஸ் அதிக நேரம் நின்றால் ஜன்னலிலிருந்து இரண்டு விசில் அடிப்பார். அது யார் காதிலும் விழாது. உட்கார்ந்தே இருந்ததில் தொப்பை வந்தது. தொப்பையைத் தேடிக்கொண்டு சர்க்கரை வந்தது. ஆறு மாதத்தில் விசில் அடிப்பதை நிறுத்தினார். பிறகு திட்டுவதையும் நிறுத்தினார். அப்போதுதான் டீச்சரம்மாவுக்குப் பயம் வந்தது.

ஒரு வருடம் கழித்து அலுவலகத்திலிருந்து போனில் மறு ஆய்வு நடந்தது. அதே இருபத்தாறு கேள்விகள். இந்த முறை 'மூன்று' என்று வந்தது. இயக்குநர் தாமே போனை வாங்கிப் பேசினார்.

"பிரமாதம் சார்! நாலு சொன்னோம், ஒண்ணு போச்சு, சரியா மூணு நிக்குது. கணக்குப் பிசகாம போய்க்கிட்டு இருக்கீங்க. எங்க ஆண்டு விழாவுக்கு நீங்க கட்டாயம் வரணும்."

விழா ஒரு பெரிய மண்டபத்தில் நடந்தது. முதலில் டிரைவரை அழைத்தார்கள். அவர் புது முட்டியோடு விறுவிறுவென்று மேடை ஏறினார். அடுத்து கண்டக்டர். இரண்டு பேர் அவரை நாற்காலியோடு தூக்கிக் கொண்டுபோய் வைத்தார்கள். டீச்சரம்மா கூடவே ஏறிப் பின்னால் நின்றுகொண்டார்.

"பாருங்கள்!" என்றார் இயக்குநர் ஒலிபெருக்கியில். "ஒரே வயது, ஒரே பஸ், ஒரே மாதிரி முட்டி. பதினான்கு என்றோம், இவர் நடக்கிறார். நான்கு என்றோம், இவரைத் தூக்கி வருகிறார்கள். எங்கள் கேள்விகள் பொய் சொல்லுமா? நாங்கள் சிகிச்சை கொடுத்தவர்கள் எல்லாரும் நலம். மறுத்தவர்களோ, நாங்கள் சொன்ன காலத்தை ஒட்டியே ஒவ்வொருவராக விடைபெற்று வருகிறார்கள். இதுவரை நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு சரி! மீதி இரண்டு பேர் வெளியே எங்கேயோ போய்ச் சிகிச்சை செய்துகொண்டு எங்களை ஏமாற்றிவிட்டார்கள்."

மண்டபம் கைதட்டியது. பதினான்கு வருடம் மிச்சமுள்ள டிரைவர் மட்டும் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டார்.

"கண்டக்டர் சார் நன்றி சொல்லி ரெண்டு வார்த்தை பேசுவார்" என்று ஒலிபெருக்கியை நீட்டினார் இயக்குநர்.

"தூரத்தைப் பத்திப் பேசாதீங்க" என்று காதில் சொன்னார் டீச்சரம்மா.

கண்டக்டர் தொண்டையைச் செருமினார். அந்தக் குரல் மண்டபத்தின் கடைசி வரிசைவரை போயிற்று.

"ஐயா பெரிய திறமைசாலி. எனக்கு அவரை ரொம்பப் பிடிச்சுப்போச்சு. ஏன்னா, நானும் இந்தத் தொழில்தான் பார்த்தேன். அடுத்து வண்டி எங்க நிக்கும்னு முன்கூட்டியே சொல்லுவேன். முப்பத்தோரு வருஷத்துல ஒரு தடவைகூடத் தப்பினதில்லை. ஐயாவுக்குத் தொண்ணூத்தெட்டுதான். எனக்கு நூத்துக்கு நூறு."

இயக்குநர் ஆவலோடு குனிந்தார். "அது எப்படி சார் முடிஞ்சது? எங்களுக்கும் கொஞ்சம் சொல்லிக் குடுங்க."

கண்டக்டர் சட்டைப் பையிலிருந்து விசிலை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தார்.

"உங்களுக்குத் தெரியாததா சார்? விசில் நம்ம கையிலதானே இருக்கு!"