நடுவில் ஒரு பிரேக்

பாசமுள்ள அக்காவுக்கு,

தம்பி வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நாங்கள் மூவரும் உடம்பளவில் சௌக்கியம். மனசை மட்டும் கேட்காதே. அத்தானுக்கு முழங்கால் வலி தேவலையா? நானும் இப்போது ஒரு காலைப் பற்றித்தான் எழுதப்போகிறேன். என் வலது கால்.

"ரப்பர் மாதிரி வளையுறாடா, ஜிம்னாஸ்டிக்ஸ்ல சேத்துவிடு" என்று என் மகளைப் பார்த்துச் சொன்னது நீ. சேர்த்துவிட்டேன். பதினோரு வயதில் இப்போது ஒரு இடத்தில் முட்டிக்கொண்டு நிற்கிறாள். ஓடிவந்து பக்கவாட்டில் கரணம் போட்டு இரண்டு காலையும் சேர்த்து இறங்கவேண்டும். இறங்கிய வேகத்திலேயே பின்பக்கமாகப் பாய்ந்து கையூன்றி எழவேண்டும். தனித்தனியாகக் கேட்டால் இரண்டும் தங்கம். சேர்த்துப் போடச் சொன்னால் நடுவில் நின்று, சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, ரயிலைத் தவறவிட்டவள் மாதிரி முழிக்கிறாள். "ரெண்டுக்கும் நடுவுல மூச்சு விடக்கூட இடமில்ல கண்ணு, மொத கரணத்தோட வேகந்தான் அடுத்ததைத் தூக்கிவிடும்" என்று கோச் அம்மா தொண்டை கிழியச் சொல்கிறார். சனிக்கிழமை தேர்வு. சேர்க்காவிட்டால் ஆறு வயசுப் பொடிசுகளோடு மறுபடி ஆரம்ப வகுப்பு. "அதுங்க வரிசைல நான் நின்னா ஒட்டகம் மாதிரி இருப்பேம்ப்பா" என்று அழுகிறாள்.

நானும் இருபத்திரண்டு வருஷமாக வண்டி ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவனாயிற்றே, சும்மா இருப்பேனா? "பின்னால பாக்காம யாராவது ரிவர்ஸ் எடுப்பாங்களா? நின்னு, பாத்து, அப்புறம் போ" என்று அறிவுரை சொன்னேன். உன் தம்பி மனைவி கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "நீங்க வாயத் தொறக்காம இருந்தாலே பாதி வந்துடும்" என்றாள். வாயை மூடினேன். மூடவேண்டியது வாயை அல்ல என்று எனக்கு எப்படித் தெரியும்?

பயிற்சிக்கூடத்தில் பெற்றோர் உட்காரப் பலகைப் படிகள் உண்டு. உள்ளே வெறும் கூடு, தட்டினால் மத்தளம். போன வாரம் கோச் அம்மா திடீரென்று எல்லாரையும் அமைதியாக இருக்கச் சொன்னார். மகள் ஓடிவந்தாள், கரணம் போட்டாள், 'தட்'! நின்றாள். மறுபடி ஓடினாள். 'தட்'! நின்றாள். "அந்தச் சத்தம் யாரு?" என்றார் கோச் அம்மா. பதினாறு அம்மாக்களும் திரும்பி என் காலைப் பார்த்தார்கள், அக்கா. கற்றுக்கொள்கிறவர் பக்கத்து சீட்டில் எனக்கென்று ஒரு பிரேக் இருப்பது உனக்குத் தெரியுமே. எத்தனையோ மதில்சுவர்களையும் ஒரு ஐஸ் வண்டியையும் காப்பாற்றிய கால். வேகமாக எது வந்தாலும் என்னைக் கேட்காமலே மிதித்துவிடுகிறது.

அடுத்த நாள் செருப்பைக் கழற்றிவிட்டுச் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். அப்படியும் கால் துள்ளி முன்படியில் இருந்த அம்மாவின் பிளாஸ்கை உதைத்தது. டீ வழிந்தது, அந்த அம்மா அலறினார், மகள் நின்றாள். வீட்டுக்கு வரும்போது, "உனக்கு முன்னாடியே தெரியுமா?" என்று கேட்டேன். "ரெண்டு மாசமா தெரியும்" என்றாள். "ஏம்மா சொல்லல?" "சொன்னா நீங்க வரமாட்டீங்களே." அக்கா, அதற்குமேல் என்னால் ஓட்ட முடியவில்லை, வண்டியை ஓரம் கட்டினேன்.

அதனால் ஒரே வேண்டுகோள். அத்தை பேச்சை மட்டும்தான் அவள் கேட்பாள். போன் போட்டு, "போதும்டி தங்கம், விட்டுடு" என்று சொல்லிவிடு. தோற்று அழுவதற்கு முன் அவளே விட்டதாக இருக்கட்டும். பிள்ளையைப் பெற்றவனே பிள்ளைக்கு வேகத்தடை ஆனால் யாரிடம் போய் முறையிடுவது?

அத்தானுக்கு என் வணக்கம். வீட்டில் எல்லாரும் நோய்நொடியின்றி, கால்கள் சொன்ன பேச்சைக் கேட்க வாழ்க.

உன் தம்பி

பின்குறிப்பு: போன் போடாதே! நல்லவேளை, தபாலில் சேர்க்க மறந்துவிட்டேன். இன்று தேர்வு. நான் உள்ளே போகாமல் வாசலில் வண்டியிலேயே, என் வழக்கமான சீட்டில் இருந்தேன். ஒரு மணி நேரம் கழித்து ஓடிவந்தாள். "சேந்துடுச்சுப்பா! நீங்க பாக்கலியே?" "இல்லம்மா." "அதான் வந்துச்சு!" கிளம்பலாம் என்று ஓட்டுகிற சீட்டுக்கு மாறிச் சாவியைத் திருப்பினால் வண்டி முனகக்கூட இல்லை. ஒரு மணி நேரமும் பிரேக்கை மிதித்தபடியே இருந்திருக்கிறேன். பின்விளக்கு எரிந்தெரிந்து கிழட்டு பேட்டரி செத்துப்போயிருந்தது. கோச் அம்மா, பிளாஸ்க் அம்மா, என் மகள் எல்லாரும் தள்ளினார்கள். வண்டி வேகமெடுத்ததும் என் கால் தன் வேலையைக் காட்டியது. பின்னாலிருந்து ஒரு குரல்:

"அப்பா! நடுவுல நிக்காதீங்க!"