கண்ணாடிக்கு உள்ளே முப்பது நாள்

கல்யாணம் செய்துகொள்ளப் போகிறவர்கள் அதற்கு முன் கொஞ்சம் சட்டம் படிக்க வேண்டும். நான் படித்திருந்தால் ஓர் அரசாங்கப் பலகை உடையாமல் பிழைத்திருக்கும். (முப்பத்தாறு வயதுவரை உலகத்தில் எல்லாவற்றையும் படித்தேன். எனக்குப் பொருந்தும் ஒரே சட்டத்தைத் தவிர.)

நான் கரமனை அக்ரஹாரத்துக்காரன். ஷைனி அதே ஊரில் பட்டம் என்ற பகுதியில் ஒரு மலையாளக் கிறிஸ்தவக் குடும்பத்துப் பெண். இரண்டு மதம் என்பதால் சிறப்புத் திருமணச் சட்டம். சார்பதிவாளர் அலுவலகத்தில் நோட்டீஸ் கொடுத்தால், இருவர் படத்தோடும் அதை முப்பது நாள் பலகையில் வைப்பார்கள். அதற்குள் யார் வேண்டுமானாலும் ஆட்சேபிக்கலாம். எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். ஆகவே, எவனோ ஒருவன் "எனக்குப் பிடிக்கவில்லை" என்று எழுதிக் கொடுத்தாலே கல்யாணம் நின்றுவிடும் என்று நம்பினேன். பிடிக்காதவர் ஒருவர் என் வீட்டிலேயே இருந்தார். அப்பா என்னோடு பேசி ஒரு மாதமாகியிருந்தது. ஷைனியின் அம்மாவோ, ஓர் ஆட்சேபம் வந்தாலும் இந்தச் சம்பந்தமே வேண்டாம் என்று தீர்த்துச் சொல்லியிருந்தார்.

தினமும் ஒன்பது மணிக்கு, அலுவலகம் போகும் வழியில் பலகையைப் பார்த்துவிட்டுப் போவேன். மழைக்காலம். வராந்தாவின் அந்தக் கோடியில் பகலிலும் விளக்கு வேண்டும், விளக்கு கிடையாது. கண்ணாடிக்குப் பின்னால் ஜோடி ஜோடியாக வெளிறிய முகங்கள். மூன்றாம் நாள் என் முகத்தில், சரியாக நெற்றிக்கு நேரே, கண்ணாடிமேல் ஒரு சந்தனப் பொட்டு. தொட்டேன். ஈரம்.

எங்கள் வீடுகளில் கண்ணாடி போட்ட படத்துக்குச் சந்தனம் வைத்தால் ஒன்று அது சாமியாக இருக்கும், இல்லாவிட்டால் போய்ச் சேர்ந்தவராக இருக்கும். நான் சாமி இல்லை.

கைக்குட்டையால் துடைத்தேன். மறுநாள் மறுபடி இருந்தது. துடைத்தேன். அடுத்த நாளும். உள்ளே இருந்த கிளார்க் அம்மாளிடம், யாராவது சந்தனத்தோடு வருகிறார்களா என்று கேட்டேன். "பத்து மணிக்கு முன்னே எந்து நடந்நாலும் ஞான் கண்டில்ல சாரே" என்று மலையாளத்தில் சொன்னார், ஃபைலிலிருந்து தலையை எடுக்காமல்.

பன்னிரண்டாம் நாள் ஷைனியின் நெற்றியிலும் பொட்டு இருந்தது. உடனே அவளுக்குப் போன் செய்தேன்.

"அப்போ ஞானும் போயோ?" என்றாள். "சாரமில்ல. கூட்டுக்கு ஆளுண்டல்லோ." பரவாயில்லையாம், துணைக்கு நான் இருக்கிறேனாம்.

மறுநாள் எட்டு மணிக்கே போய்விட்டேன். ஆள் நடமாட்டமே இல்லை. ஓட்டிலிருந்து மழை சொட்டிக்கொண்டிருந்தது. இரண்டு நெற்றியிலும் பொட்டு; சந்தனம் இன்னும் வழிந்துகொண்டிருந்தது. அப்படியானால், வைத்தது எதுவோ அது இன்னும் இங்கேதான் இருக்கிறது. பலகைக்குப் பக்கத்தில் இருந்த துருப்பிடித்த பீரோவுக்குப் பின்னால் யாரோ மூச்சு விடுவதுபோல் இருந்தது. நான் மூச்சைப் பிடித்தேன். அதுவும் பிடித்துக்கொண்டது.

துடைத்துவிட்டு ஓடிவிடலாம் என்று கையை நீட்டினேன். பீரோவுக்குப் பின்னாலிருந்து குளிர்ந்த கை ஒன்று வந்து என் மணிக்கட்டைப் பிடித்தது.

நான் போட்ட சத்தம் சாலைக் கடைத்தெரு வரைக்கும் கேட்டதாகச் சொல்கிறார்கள். பிடித்த கையை உதறிப் பலகையைப் பற்றிக்கொண்டேன். பலகை என்னோடு கீழே வந்தது. கண்ணாடித் தூளும் மழைத்தண்ணீருமாக, கல்யாணம் ஆகாத ஐந்து ஜோடிகள் தரையில் மிதந்தார்கள்.

"பிடிச்சுட்டேண்டா பாவி" என்றது அது. அப்பாவின் குரல்.

"அப்பா?"

"நீயா? நீயாடா தினம் அழிக்கறது?"

"நீங்களா வெக்கறது? செத்தவாளுக்குத்தானே வெப்பா?"

"கண்ணாடிக்குள்ள படத்தைப் பாத்தா கை தானாப் போறது. நான் என்ன பண்ணட்டும்?"

கண்ணாடித் துண்டுகளுக்கு நடுவில் நின்றபடியே அவர் சொன்னார். "ஆட்சேபம் எழுதிக் குடுக்கத்தான் மொதல்ல வந்தேன். உள்ளே இருக்கறவ, வேற பொண்டாட்டி உண்டோ, வயசு பத்தலையோ, நெருங்கின ரத்த உறவோ, புத்தி ஸ்வாதீனம் இல்லையோன்னு கேட்டா. புத்தி விஷயத்துல கொஞ்சம் யோசிச்சேன். இல்லைன்னுட்டேன். 'அச்சன்டெ இஷ்டக்கேடு ஒரு காரணமல்ல'ன்னு, அதாவது அப்பனுக்குப் பிடிக்காதது ஒரு காரணமே இல்லைன்னு, பேப்பரைத் திருப்பிக் குடுத்துட்டா. வந்தது வந்தோம், கோவில் சந்தனம் கையில இருந்துது. மறுநாள் பாத்தா எவனோ அழிச்சிருக்கான். விடுவேனா?"

"ஷைனிக்கு மட்டும் ஏன் நேத்திலேர்ந்து?"

"அதுவரைக்கும் அந்தப் பக்கம் நான் பாக்கலை" என்றார், என்னைப் பார்க்காமல்.

பத்து மணிக்கு வந்த கிளார்க் அம்மாளிடம், அப்பா வந்ததைச் சொல்லியிருக்கக் கூடாதா என்றேன். "சார் சோதிச்சது சந்தனத்தெக் குறிச்சல்லே" என்றார். நான் கேட்டது சந்தனத்தைப் பற்றி மட்டும்தானாம். நோட்டீஸ் நாசமானதால் புதிதாக ஒட்டி, முதல் நாளிலிருந்து மறுபடி முப்பது நாள் எண்ணினார்கள். ஷைனியின் அம்மாவைச் சமாதானம் செய்ய அப்பாவே பட்டம் போனார். மூன்று சாட்சி வேண்டும் என்றபோது முதல் கையெழுத்தும் அவருடையதே.

பேப்பரைத் திருப்பிக் கொடுத்தபோது கிளார்க் அம்மாள் அப்பாவிடம் சொன்ன வாசகம்தான் இன்றைக்கு எங்கள் வீட்டுச் சட்டம். உப்புமா வேண்டாம் என்று நான் சொன்னால், என் மகள் அதைச் சொல்லித்தான் தட்டை என் பக்கம் தள்ளுகிறாள்.

அப்பா போய் மூன்று வருடமாகிறது. கூடத்தில் அவர் படம், கண்ணாடிக்குள். காலையில் ஷைனிதான் சந்தனம் வைப்பாள். சில நாள், நான் காப்பியோடு வந்து பார்க்கும்போது பொட்டு இருப்பதில்லை. துணியால் துடைத்ததுபோலக் கண்ணாடி சுத்தமாக இருக்கிறது. நான் தொடவில்லை. மகளும் இல்லை என்கிறாள். நான் இரண்டு அடி பின்னால் நகர்ந்து நிற்பேன். ஷைனி இதற்கெல்லாம் அசருகிறவள் இல்லை. விரலை மறுபடி சந்தனத்தில் தோய்த்து, "அச்சன்டெ இஷ்டக்கேடு ஒரு காரணமல்ல" என்று அவர் முகத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டு வைத்துவிடுகிறாள்.