மெய்ப்புக்காரரும் மீன்தொட்டி நத்தைகளும்

மெய்ப்புக்காரர் மீன்தொட்டிக் கண்ணாடியில் மூக்கு ஒட்டும்படி குனிந்திருந்தார்.

"அட கருமமே! இங்க இன்னொண்ணு ஊருது பாரு!"

"கத்தாதீங்க. நீங்க கத்தினா நத்தை பயந்து ஓடிடுமா?" என்றாள் மனைவி, அடுப்படியில் இருந்தபடியே.

அச்சகத்தில் எழுத்துப் பிழை திருத்துகிற உத்தியோகம் அவருக்கு. ஒரு பக்கத்தில் ஒற்றைப் பிழை மிஞ்சினாலும் அடுத்த பக்கத்தைப் புரட்ட மாட்டார். அந்தக் குணம் வீட்டுக்கும் கூடவே வந்துவிட்டது. குழாய் சொட்டினால், அது நிற்கும்வரை பேப்பர் படிக்க மாட்டார். இப்போது அவருடைய கப்பி மீன்கள் நீந்தும் சின்னத் தொட்டியில் நத்தை. அது ஒழிகிறவரை வயலினைத் தொடுவதில்லை என்று சபதமே செய்துவிட்டார். ஆசை ஆசையாய் வாங்கிய வயலின் பீரோ மேல் தூசி படிந்து கிடந்தது.

வாசிக்காமல் இருந்துவிடவும் முடியாது. அவருடைய ஆருயிர் நண்பர், அச்சகத்து பைண்டர், மாதக் கடைசியில் ஓய்வு பெறுகிறார். "விழாவுல நீதான்யா வாசிக்கணும்" என்று கையைப் பிடித்துக்கொண்டு கேட்டிருந்தார். இத்தனை வருஷத்தில் அவரை வாசிக்கச் சொன்ன ஒரே மனுஷர். மெஷின் சத்தத்தில் பைண்டருக்குக் காது கொஞ்சம் மந்தம்தான். அதனால் என்ன, கேட்டாரே! அவரை ஏமாற்ற மனசு வருமா?

மீன் கடைக்கு ஓடினார்.

"நத்தை தின்கிற மீன் இருக்கா?"

"லோச் இருக்கு சார். வரி வரியா அழகா இருக்கும். நத்தையை ஓட்டுக்குள்ளேர்ந்து உறிஞ்சி எடுத்துடும்."

லோச் வந்தது. தொட்டிக்குள் இருந்த பொம்மைக் கோட்டைக்குள் போய்ப் படுத்தது. எழுந்தபோதெல்லாம் மணலைக் கிளறிச் செடிகளைப் பிடுங்கிப் போட்டது. நத்தைகள் நிம்மதியாகக் கோட்டை மேலேயே ஊர்ந்தன.

"ராஜா உள்ள தூங்கறாரு. எதிரி மொட்டைமாடியில நடக்கறான்" என்றாள் மனைவி.

"கிண்டல் பண்ணாதே. எனக்கே அழுகையா வருது."

மனைவி உடனே குரலை மாற்றிக்கொண்டாள். "விட்டுடாதீங்க. பாதியில விடறது உங்க வழக்கமே இல்லையே" என்று சூடாக டீ கொடுத்தாள். இப்படி ஒருத்தி கிடைக்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டார்.

மாடிப்படியில், ராத்திரி பஸ் ஓட்டுகிற கீழ்வீட்டு டிரைவர் எதிர்ப்பட்டார். "என்ன சார், நத்தை போயிடுச்சா?"

"இன்னும் இல்லைங்க."

"அவசரமே படாதீங்க சார். நிதானமா, ஒவ்வொண்ணா பாருங்க."

எவ்வளவு நல்ல மனுஷர்!

மறுபடியும் கடை. இந்தத் தடவை பஃபர் மீன். கட்டைவிரல் நகம் அளவுதான், ஆனால் முழி மட்டும் ரவுடி முழி. வந்ததும் வராததுமாக நத்தைகளைக் கொறித்துத் தள்ளியது. மெய்ப்புக்காரர் கைதட்டினார். கொஞ்ச நேரத்தில் அது கப்பி மீன்களின் வாலைப் பார்த்தது. காலையில் பார்த்தால் கப்பிகள் தேய்ந்த துடைப்பம் மாதிரி நின்றன.

"என்னய்யா இது அநியாயம்?" என்று கடையில் சண்டை போட்டார்.

"வால் உள்ள மீனோட விடலாமான்னு நீங்க கேட்கவே இல்லையே சார்!"

லோச்சைக் கடையிலேயே திருப்பிக் கொடுத்தார். கப்பிகளைக் குளியலறை வாளிக்குக் குடிமாற்றினார். தொட்டியில் பஃபர் மட்டும் தனிக்காட்டு ராஜா.

"அப்போ நாம எதுல குளிக்கிறது?"

"சொம்புல குளி. என் மானம் போகுது, உனக்கு வாளிதான் பெரிசா?"

அப்படியும் நத்தை தீரவில்லை. ஒரு நாள் குறையும். மறுநாள் ஆபீஸ் விட்டு வந்து பார்த்தால் கூடியிருக்கும். அதுவும் தடித்தடியாக, நன்றாக வளர்ந்த நத்தைகள். "காலையில முட்டை, சாயங்காலம் தாத்தாவா?" என்று தலையில் அடித்துக்கொண்டார். ஆனாலும் மனம் தளரவில்லை. டார்ச் அடித்து, பிழை திருத்துகிற சிவப்புப் பேனாவாலேயே கண்ணாடியில் புள்ளி வைத்து ஒவ்வொன்றாக வேட்டையாடினார்.

விழாவுக்குச் சில நாள் இருக்கும்போது, தங்கைக்கு உடம்பு சரியில்லை என்று மனைவி ஊருக்குப் போனாள். போகிற அவசரத்திலும் தொட்டியைக் கவலையோடு திரும்பித் திரும்பிப் பார்த்தாள். பாவம், அவளுக்கும் இதே நினைப்பு.

பஃபர் தன் வேலையைக் காட்டியது. முதல் நாள் பாதி. அடுத்த நாள் அங்கங்கே ஒன்றிரண்டு. அப்புறம் ஒரு சாயங்காலம் டார்ச்சை மூலை முடுக்கெல்லாம் அடித்துப் பார்த்தார். கோட்டைக்குள் பார்த்தார். மணலைக் கிளறினார். ஒன்றுகூட இல்லை!

"பைண்டரே, ஜெயிச்சுட்டேன்யா!"

கண்ணில் நீர் முட்ட, பீரோ மேலிருந்து வயலினை இறக்கித் தூசி தட்டினார். தாடையில் வைத்து வில்லை இழுத்தார். முதல் சத்தத்துக்கே பஃபர் கோட்டைக்குள் போய்விட்டது. அவர் கவனிக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு பாட்டு முழுவதையும் வாசித்தார். இரண்டாம் தடவை எடுத்தபோது வாசல் மணி அடித்தது.

வயலினை நாற்காலியில் வைத்துவிட்டுக் கதவைத் திறந்தார். முன்பின் பார்த்திராத ஒருத்தர், கையில் ஒரு பாட்டிலோடு நின்றார்.

"வணக்கம் சார், நான் கீழ்வீட்டு டிரைவரோட மச்சான், இன்னிக்குத்தான் ஊர்லேர்ந்து வந்தேன். வயலின் மறுபடி ஆரம்பிச்சிடுச்சு, போன தடவை கொடுத்த நத்தை தீர்ந்துபோச்சு போல, இதை மேல்வீட்டு அக்காகிட்ட கொடுத்துடுன்னு மாமா தூக்கத்துலேர்ந்து எழுந்து அனுப்பினாரு. அவங்க வீட்டுக்காரர் கண்ணுல மட்டும் படக்கூடாதாம், நீங்க கொஞ்சம் கொடுத்துடறீங்களா?"