மைனஸில் போன டிப்பர் லாரி

குறை சொல்லாத ஆளை யாருக்குத்தான் பிடிக்காது? எனக்குக் குறை சொல்லாத கம்பைலரையும் பிடித்திருந்தது.

பெரம்பலூரில் கம்ப்யூட்டர் படிப்பை முடித்துவிட்டு நான் வீட்டில் சும்மா இருந்த 2005ஆம் வருஷம். அக்கா வீட்டுக்காரர் அரியலூர்ப் பக்கம் ஒரு சுண்ணாம்புக்கல் குவாரியில் சூப்பர்வைசர். லாரிகளுக்கு எடைச்சீட்டு போட ஒரு புரோகிராம் வேண்டும் என்று முதலாளி சொன்னதும், மாமா முந்திக்கொண்டு, "எங்க கொழுந்தியா எழுதிக் குடுத்துரும்ங்க" என்று வாக்குக் கொடுத்துவிட்டார். ஓடினால் எனக்கு அங்கேயே வேலை. ஓடாவிட்டால் மாமாவின் மானம் கப்பலேறும்.

எழுதினேன். கல்லோடு நிற்கும் லாரியின் எடையில் வெறும் லாரியின் எடையைக் கழித்தால் கல்லின் எடை, அவ்வளவுதான். நாம் எழுதுவதைக் கம்ப்யூட்டருக்குப் புரியும்படி மாற்றித் தருவதுதான் கம்பைலர். சந்தேகம் வந்தால் எச்சரிக்கும். என்னை அது ஒரு வார்த்தை சொல்லவில்லை. (தலைக்கனம் அப்போதே ஒரு டன் ஏறியிருக்கும்!) தோழி சுமதிதான், "ஆப்டிமைஸ் செட்டிங்கப் போட்டுப் பாருடி, வேகமா ஓடும்" என்றாள். போட்டேன். உடனே, வெறும் லாரியின் எடை இல்லாமலே கணக்கில் இறங்குகிறாய் என்று ஓர் எச்சரிக்கை வந்து நின்றது.

"நல்லா இருந்ததைக் கெடுத்துட்டியேடி!"

"தப்பு முன்னாடியே இருந்துச்சுடி. வேகமாக்கறதுக்காக அது உள்ள நொழஞ்சு அலசுதுல்ல, அதான் இப்ப கண்ணுல பட்டிருக்கு."

"போடி, பெருசா கண்டுட்ட!" செட்டிங்கை எடுத்தேன். எச்சரிக்கை காணாமல் போனது. நிம்மதியாகத் தூங்கினேன்.

குவாரியில் முதல் லாரியே வெறும் எடை போடாமல் கல்லோடு எடைமேடையில் வந்து ஏறியது. புரோகிராம் மெமரியில் கிடந்த ஏதோ குப்பையை லாரியின் எடையாக எடுத்துக்கொண்டு சீட்டைத் துப்பியது. கல்லின் எடை, மைனஸ் எழுபது டன்.

முதலாளி சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஏம்மா, இந்த வண்டி கல்ல ஏத்திக்கிட்டுப் போவுதா, கொண்டாந்து கொட்டிட்டுப் போவுதா?"

டிரைவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். மாமா தலை நிமிரவில்லை. அங்கேயே உட்கார்ந்து சுமதி சொன்ன செட்டிங்கைப் போட்டேன். அதே எச்சரிக்கை, அதே வரி. வெறும் எடை போடாமல் சீட்டே வராதபடி திருத்தினேன். அடுத்த சீட்டு ஒழுங்காக வந்தது.

"சரி, நாளைலேருந்து வேலைக்கு வாம்மா" என்றார் முதலாளி. மாமாவுக்கு அப்போதுதான் மூச்சே வந்தது.

வேலையோடு பேரும் கிடைத்தது. என் கல்யாணத்துக்கு மண்டப வாசலில் டிரைவர்கள் வைத்த பிளெக்ஸில், 'மைனஸ் மேடத்தை வாழ்த்தும் லாரி ஓட்டுநர்கள்' என்று கொட்டை எழுத்தில் இருந்தது. மாப்பிள்ளை வீட்டார் விசாரிக்க, மாமா கதை முழுவதையும் ஆசை தீரச் சொல்லிவிட்டார்.

இன்றைக்கும் நான் எடை பார்க்கும் மிஷினில் ஏறினால் போதும், என் வீட்டுக்காரர் ஓடி வந்து எட்டிப் பார்ப்பார். "என்ன, மைனஸ்ல காட்டுதா?"

எங்கே காட்டுகிறது, பாழாய்ப்போன மிஷின்!