தஞ்சாவூர் – சேலம் அரைமணி நேரம்

கந்தர்வக்கோட்டை,
வெள்ளிக்கிழமை.

மேன்மைமிகு மாப்பிள்ளை சிவசாமி அவர்களுக்கு, மச்சான் அழகுமலை எழுதிக்கொள்வது. இங்கு நானும் என் சம்சாரம் சின்னப்பிள்ளையும் சீர்க்கிடாவும் சுகம். சேலத்தில் தாங்களும் என் தங்கச்சி விசாலியும் மருமகள் இலக்கியாவும் சுகமாயிருக்க அய்யனார் துணை. போனில் சொன்னால் பாதியிலேயே சிரித்துவிடுவீர்கள் என்பதால் எழுதிப் போட்டோ பிடித்து அனுப்புகிறேன்.

நாளை மறுநாள் இலக்கியாவுக்குக் காதுகுத்து. தாய்மாமன் நான் மடியில் வைக்க வேண்டும். மொட்டை போட்டபோது பஸ் வழியில் படுத்துக்கொண்டதில் முகூர்த்தம் தப்பி, பிள்ளையை என் ஒன்றுவிட்ட தம்பி ரகுநாத் மடியில் வைத்தீர்கள். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. இந்தத் தடவை விடுவதில்லை என்று போனைத் தடவினேன் பாருங்கள், புதையல் கிடைத்தது! தஞ்சாவூர் விமான நிலையத்திலிருந்து சேலம் விமான நிலையம் நூற்று அறுபது கிலோமீட்டர், பறக்கும் நேரம் அரைமணி என்று போட்டிருந்தது. சட்டினி அரைக்கிற நேரம் மாப்பிள்ளை! டீக்கடை பூராவும் சொல்லியாச்சு. இன்னிக்குக் காலையில டிக்கெட் எடுக்கக் கெளம்புனேன். கிடாவை எடை போட்டாத்தானே லக்கேஜ் கணக்குத் தெரியும், அதனால அதையும் நாகராசோட குட்டியானை வண்டியில ஏத்திக்கிட்டேன். டிக்கெட் எடுக்கத்தான் போறேன்னு சொல்லியும் கேக்காம பக்கத்து வீட்டு முனியாயி ஆரத்தி எடுத்துருச்சு.

தஞ்சாவூர் விமான நிலைய வாசல்ல ஒருத்தர் துப்பாக்கியோட நின்னாரு. சேலத்துக்கு ரெண்டு ஆளு, ஒரு கிடான்னேன். அவருக்குத் தமிழ் தெரியலை. கிடாவுக்கு அவரைப் புடிச்சுப்போச்சு, கையில இருந்த தாளைத் திங்கப் பாத்துச்சு. உள்ளேயிருந்து தமிழ்க்காரர் ஒருத்தர் வந்து என் போனை வாங்கிப் பொறுமையாப் படிச்சாரு.

"ஐயா, இது தூரத்தைக் கணக்குப் போட்டுச் சொல்லுது. பிளேன் போகுதுன்னு சொல்லலையே. இங்க இருக்கிறது சண்டை விமானம்."

"பரவாயில்லைங்க, ஓரமா ஒக்காந்துக்கிறோம்"னேன். அவரு மீசைக்குள்ள சிரிச்சுக்கிட்டே வண்டியைத் திருப்பச் சொல்லிட்டாரு.

போகட்டும். இனி ஆகாயத்தை நம்ப மாட்டேன். நாளை காலை முதல் பஸ்ஸிலேயே ஏறி, ஒரு நாள் முன்னதாக வந்துவிடுவேன். ரகுநாத்தைப் பந்தி விசாரிக்க விடுங்கள், பிள்ளை பக்கம் விட வேண்டாம். மருமகள் நோய்நொடியில்லாமல் வளரட்டும், தங்கள் குடும்பம் ஆல்போல் தழைக்கட்டும்.

இப்படிக்கு,
அழகுமலை

பின்குறிப்பு: அண்ணே, சின்னப்பிள்ளை எழுதறேன். விடிஞ்சு பஸ்ஸுக்கு எழுப்பப் போனா ஆளைக் காணோம், கிடாவையும் காணோம். நெய்வேலியிலயும் ஏரோப்பிளேன் எறங்குற எடம் இருக்காம், அங்கேயிருந்தும் சேலம் அரைமணிதானாம். முனியாயிக்கிட்ட சொல்லிட்டுப் போயிருக்காங்க. நான் பஸ் ஏறிட்டேன். முகூர்த்தத்துக்குள்ள அவங்க வந்து சேரலைன்னா ரகுநாத் மடி மட்டும் வேணாம், மனுசன் தாங்க மாட்டாரு. பிள்ளையை என் மடியில வைங்க. மாமனைக் கட்டிக்கிட்டு இத்தனை வருசம் குப்பை கொட்டியிருக்கேன், அந்த உரிமையாச்சும் எனக்கு இருக்கட்டும்.